நற்செய்தி யாருக்கு?

மட்டக்களப்பு வாவிக்கரையில் கிறிஸ்தவ ஊழியம் நிகழ்ந்த வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரு சாராராவர். ஒரு சாரார் எழுப்பப்பெற்ற ஆலயங்களையும் ஞானஸ்நானம் பெற்றோரையும் எண்ணிப் பெருமிதம் கொள்வர். மறுசாரார் அதே எண்ணிக்கையைக் காட்டி, அந்நிய ஆட்சியின் நீண்ட கை இது என்பர். இரு சாராருக்கும் அளவுகோல் ஒன்றே: எத்தனை பேர் மதம் மாறினர் என்பது. இந்த அளவுகோலே பிழையானது என்பது நம் கருத்து.

நற்செய்தி என்பது பெயரிலேயே ஒரு உரிமை கோருகிறது. செய்தி நல்லதுதானா என்பதைச் சொல்பவர் தீர்மானிக்க முடியாது. கேட்பவரே தீர்மானிக்க வேண்டும். நாசரேத்து ஊர்த் தொழுகைக் கூடத்தில் இயேசு தம் பணியை அறிவித்தபோது, அதனைக் கேட்க வேண்டியவர் யாரென்றும் சேர்த்தே சொன்னதாக லூக்கா எழுதுகிறார்: ஏழைகள், சிறைப்பட்டோர், ஒடுக்கப்பட்டோர். ஆகவே மிஷன் பணியைத் திறனாய்வு செய்வோர் வினவ வேண்டியது ஒன்றே. இவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருந்ததா?

1814ஆம் ஆண்டு மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். வரும் வழியிலேயே அவருடைய மனைவி இறந்தார். குழுவின் தலைவரான தோமஸ் கோக்கும் கடலிலேயே மறைந்தார். ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில், ஓல்டும் இங்கேயே உயிர் நீத்தார். அக்குறுகிய காலத்தில் அவர் தொடங்கிய கல்விப்பணியே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873இல் தோன்றிய புனித மைக்கேல் கல்லூரி பின்னர் இயேசு சபையினரின் பொறுப்பில் ஓங்கியது. அம்மனிதரின் தியாகத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் தனிமனிதத் தியாகம் வேறு, அது விளைவித்த சமூகப் பயன் வேறு. ஆங்கிலக் கல்வி குடியேற்ற ஆட்சிக்கு வேண்டிய எழுதுவினைஞரை உருவாக்கிற்று. பெரிய கல்லூரிகள் நகரத்தில் நின்றன; வாவிக்கு அப்பால் படுவான்கரையில் பிறர் வயலில் உழைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு அவற்றின் வாயில் எட்டாத தொலைவிலேயே இருந்தது. ஏழைக்கென அறிவிக்கப்பட்ட செய்தி, வசதியுள்ளவன் ஏறும் ஏணியாயிற்று.

எனினும் கல்வி, கொடுப்பவரின் கணக்குக்குள் அடங்குவதன்று. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் மெதடிஸ்தப் பாடசாலையிலும் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார். அவர் கிறிஸ்தவராகவில்லை, இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, விபுலானந்தராகக் கிழக்கிலங்கையின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் நடத்தினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நாட்களில், அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரியிலும் கற்பித்தார். மதமாற்றக் கணக்கில் இவர் மிஷனின் தோல்வி. ஏழைக்கு நற்செய்தி என்ற கணக்கிலோ, அப்பாடசாலைகள் தந்த பெருங்கொடைகளுள் ஒருவர்.

1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, திருச்சபைகளின் செல்வாக்குக்கு அடிப்படையாயிருந்த கருவி பெருமளவில் கைநழுவிற்று. இனி அவற்றிடம் என்ன எஞ்சும் என்று பலர் வினவினர். போர்க்காலம் அதற்கு விடை தந்தது.

பங்குத்தந்தை சந்திரா பெர்னாந்து மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்தார். கைதானோருக்காகவும் காணாமற்போனோருக்காகவும் ஆயுதம் தாங்கியோரிடம் சென்று நியாயம் கேட்பதே அக்குழுவின் வேலை. 1988 ஜூன் 6ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக மாணவர் நெஞ்சில் இடம்பெற்ற அமெரிக்கத் துறவி இயூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்டு 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், உடன்சென்ற உள்ளூர் இளைஞரோடு காணாமற்போனார். 1948இல் இங்கு வந்த பென்ஜமின் மில்லர், பிள்ளைகளை இழந்த தாய்மார் கூறியவற்றைப் பதிவுசெய்து, அதிகாரிகளின் வாயில்களைத் தட்டினார். அத்தாய்மாருள் பெரும்பாலோர் இந்துக்கள். மதம் மாறும்படி கேட்காமல் மகனின் பெயரைக் கேட்ட அந்த வேளையில்தான், சிறைப்பட்டோருக்கான செய்தி தன் பொருளை அடைந்தது.

1996இல் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவும் இவ்வழிப்பட்டதே. 1990ஆம் ஆண்டுப் படுகொலைகளுக்குப் பின் ஒன்றையொன்று அஞ்சிய தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், கதை சொல்லினர், நாடகம் ஆடினர்.

இதற்கு மாறான போக்கும் உண்டு. அதனை மறைப்பது விமர்சனத்துக்கு அழகன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் வந்த குழுக்களுட் சில, நிவாரணத்தோடு மதத்தையும் சேர்த்து வழங்கின என்ற குற்றச்சாட்டு இலங்கையில் வலுவாக எழுந்தது. பசித்தவனின் கையில் அரிசியை வைத்து, மறுகையில் விசுவாசத்தை வாங்குவது வாணிகம். பெறுபவன் மறுக்க இயலாத நிலையில் இருக்கும்போது கொடுக்கப்படுவது செய்தியாகாது, நிபந்தனையாகும்.

மிகக் கடினமான சோதனை 2019 ஏப்ரல் 21ஆம் நாள் வந்தது. உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் வெடித்த தற்கொலைக் குண்டு முப்பதுக்கு அண்மித்த உயிர்களைப் பறித்தது. அவற்றுட் பல, குழந்தைகளின் உயிர்கள். அதன்பின் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் குரல்கள் நாட்டின் பல பாகங்களிலும் கேட்டன. அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்றவன் அவனால் வெறுக்கப்பட்ட இனத்தான் என்று கதை சொன்னவரைப் பின்பற்றுவோர், காத்தான்குடித் துணிக்கடைக்காரரோடு மறுநாள் எப்படிப் பேசினர் என்பதே அவர்களின் உண்மையான பிரசங்கம். இழப்பின் துயரை எளிதாகக் கடந்துவிடுமாறு அவர்களுக்கு உபதேசிக்க நமக்கு உரிமை இல்லை. ஆயினும் அன்றாட ஊழியம் என்ற சொல்லுக்கு இதனினும் நேரான பொருள் எங்கும் கிடையாது.

சமயம் மக்களை மயக்குவது என்பதோடு நம்மவர் பலர் நின்றுவிடுகின்றனர். மயக்கும் சமயம் உண்டு, அதனை எதிர்ப்போம். ஆனால் காணாமற்போனவனின் பெயரை எழுதிக்கொண்டு அதிகாரியின் வாயிலில் நிற்பவர் யாரையும் மயக்கவில்லை. அவர் மேசையில் சிலுவை இருக்கிறதா, செங்கொடி இருக்கிறதா என்று பார்க்கும் முன், அவர் அருகில் நிற்க நமக்குத் துணிவு உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பட்டியலிலுள்ள பெயர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை.