‘ஒரு நாயகமாய்’ பதிகத்தில் விடுபட்ட பாதி

திருவாய்மொழி நான்காம் பத்தின் முதற்பதிகமாகிய ‘ஒரு நாயகமாய்’, செல்வம் நில்லாது என்னும் நீதியுரையாகவே இக்காலத்துச் சொற்பொழிவுகளில் எடுத்தாளப்படுகிறது. பொருளாசையை விட்டு மனத்தைச் செம்மை செய்துகொள்க என்பதே ஆழ்வார் திருவுள்ளம் என்று முடித்துவிடுகின்றனர். பதிகத்தின் முற்பகுதிக்கு இது பொருந்தும், முழுமைக்கும் பொருந்தாது.

முற்பகுதிக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருவண்ணாமலையில் தங்கி ஆண்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன், விஷ்ணுவர்த்தனன் குலத்தவன். 1342-43ஆம் ஆண்டளவில், முதுமையில், மதுரைச் சுல்தானிடம் சிறைப்பட்டான். விடுவிப்பதாகச் சொல்லி அவன் பொருளையும் யானை குதிரைகளையும் பெற்றுக்கொண்ட சுல்தான், பின்னர் அவனைக் கொன்று, தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். அதைக் கண்ணால் கண்ட இபின் பதூதா எழுதி வைத்துள்ளார்.

ஆழ்வார் காட்டும் மன்னனோ உயிரோடிருக்கிறான். அது இதனினும் கொடிது. உலகாண்டவன் உடைந்த பானையோடு புறப்படுகிறான். நாடே காண்கிறது. ‘தாம்’ என்ற சொல்லை நோக்குக: ஏவலாள் இல்லை, தாமே ஏற்க வேண்டும். காலைக் கவ்வும் ‘கருநாய்’ கரிய நாயாகவும் இருக்கலாம், குட்டியிட்ட நாயாகவும் இருக்கலாம். பின்னதே சுவை மிக்கது; குட்டியைக் காக்கும் நாய்க்கு அரசன் ஏது, கள்வன் ஏது?

பதிகம் அங்கே நிற்கவில்லை. வல்லாளன் வாழ்ந்த அவ்வூரிலேயே, மலையின் மேற்புறத்து அடி அண்ணாமலை வழியே வலம் வருவோரில் செல்வம் வேண்டி நடப்போர் உண்டு. பாதையோரம் யாவும் துறந்து கண்மூடி அமர்ந்தோரும் உண்டு. முன்னவரை இகழ்ந்து பின்னவரைப் புகழ்வது நீதிநூல் வழி. ஆழ்வார் பின்னவரையும் விடவில்லை. அணிகலன்களைப் பற்றோடு அறுத்து ஐம்புலன் வென்றவர் சுவர்க்கம் புக்கும் மீள்வர் என்கிறது ஒன்பதாம் பாசுரம். பத்தாவதில், எல்லாம் விட்டுத் தன் ஆத்மாவையே நோக்கி அதனளவில் குறுகிப்போன ஞானி வருகிறான். ஐஸ்வர்யத்தோடு கைவல்யத்தையும் சேர்த்தே நம்பிள்ளை ஈட்டில் தோஷம் காட்டுவது இதுபற்றியே. அரசன் உலகைத் தனக்கென்று கொண்டான். கேவலன் தன்னையே தனக்கென்று கொண்டான். ‘தனக்கு’ என்பது இருவரிடத்தும் அப்படியே கிடக்கிறது.

தன்னைத் திருத்த முயல்பவனைப் பேராசைக்காரன் வரிசையில் நிறுத்துவது கடுமையன்றோ எனின், கடுமையே. அக்கடுமையை மழுப்பினால் பதிகத்தின் கடைசி இரு பாசுரங்களுக்கும் வேலையில்லை.

ஆசையே ஆகாது என்று ஆழ்வார் அருளிச்செய்யவும் இல்லை. பத்தாம் பத்தின் முடிவில் தம் அவாவைத் தத்துவத்திரயத்தினும் பெரிதாகப் பேசுகிறார். அவ்வவா அவர் முயற்சியால் அடங்கியதன்று. எம்பெருமான் தானே வந்து அதனைச் சூழ்ந்துகொண்ட பின்னரே தீர்ந்தது. ‘ஒரு நாயகமாய்’ கொண்டு ஆசையடக்கம் பேசுவோர் அந்த இறுதிப் பதிகத்தையும் உடன் வைத்து அனுசந்தித்தல் தகும்.