ஆராதனை முடிந்ததா?

சில ஆண்டுகளுக்கு முன் முட்டத்தில் ஆயர்களாகிய நாங்கள் சிலர் மூன்று நாள் தியான முகாமிற்கெனக் கூடியிருந்தோம். தியானத்திற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் 'உண்மை வழிபாடு' என்பதே. நிறைவு நாள் காலையில் திருவிருந்து ஆராதனை நடைபெற்றது. ஆசீர்வாதம் பெற்று, மன நிறைவோடு கடற்கரைப் பக்கம் நடந்தோம். கடவத்தைத் தலையில் சுமந்து வந்த பெண்மணி ஒருவரை நிறுத்தி, ஒரு கூறு சாளை என்ன விலை என்று கேட்டேன். அவர் சொன்ன விலையில் 20 ரூபாயைக் குறைக்க வேண்டுமென்று வாதாடினேன், குறைத்தும் வாங்கினேன். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே அவர், "காலையிலே பாட்டுச் சத்தம் கேட்டுது. உங்க ஆராதனை முடிஞ்சாச்சா ஐயரே?" என்று கேட்டார்.

அவர் குத்திக்காட்டவில்லை; இயல்பாகத்தான் கேட்டார். நானும் இயல்பாகவே, "முடிந்தது, அம்மா" என்று விடை சொன்னேன். பத்து அடி நடந்த பின்னரே என் விடை என்னைச் சுட்டது. எப்பொழுது முடிந்தது? ஆசீர்வாதம் கூறப்பட்டபொழுதா, அல்லது இருபது ரூபாய்க்காக நான் வாதாடத் தொடங்கியபொழுதா? இக்கட்டுரை அந்தக் கேள்விக்குக் காலந்தாழ்த்தி எழுதும் விடையாகும்.

சொற்கள் சொல்வது

நம் சபைகளில் 'ஆராதனை' என்னும் சொல் ஒரு நிகழ்ச்சியின் பெயராகிவிட்டது. காலை ஆராதனை, மாலை ஆராதனை, குடும்ப ஆராதனை என்று நேரத்தையும் இடத்தையும் அடையாக வைத்தே அதை வழங்குகிறோம். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் உடைய ஒன்றாகவே அது நம் மனத்தில் பதிந்துள்ளது. ஆனால் தமிழில் 'வழிபாடு' என்னும் பழஞ்சொல் வேறொன்றைச் சொல்கிறது. வழிபடுதல் என்பது ஒருவர் காட்டும் வழியிலே படுதல், அவர் பின்னே செல்லுதல் என்ற பொருளை முதலில் உடையது. ஆதித் திருச்சபையார் 'இந்த மார்க்கத்தார்', அதாவது இந்த வழியினர், என்று அழைக்கப்பட்டதை அப்போஸ்தலர் நடபடிகளில் (9:2) காண்கிறோம். வழியில் நடப்பவனுக்கு நடை நின்றால் வழிபாடும் நின்றது என்றே பொருள்.

திருமறையின் மூலமொழிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. எபிரேயத்தில் 'அவோதா' என்னும் ஒரே சொல் வேலையையும், அடிமை ஊழியத்தையும், கடவுளுக்குச் செய்யும் ஆராதனையையும் குறிக்கும். யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் பார்வோன் இஸ்ரவேலரைக் கசக்கிப் பிழிந்து வாங்கிய வேலைக்கும், மூன்றாம் அதிகாரத்தில் மலையின்மேல் அவர்கள் கடவுளுக்குச் செய்யப்போகும் ஆராதனைக்கும் வேர்ச்சொல் ஒன்றே. கிரேக்கத்தில் 'லைத்தூர்கியா' என்பது பொதுமக்களுக்கான பணியையும் திருப்பணியையும் ஒருங்கே குறித்த சொல். எருசலேமின் ஏழைகளுக்கெனத் திரட்டிய காணிக்கையைக் குறிக்கப் பவுல் அச்சொல்லையே ஆளுகிறார் (2 கொரிந்தியர் 9:12). ரோமர் 12:1இல் உடலையே பலியாகப் படைக்கச் சொல்லி, அதனை ஆராதனை என்கிறார். உடல் என்பது ஞாயிறு காலையில் மட்டும் நம்மோடிருப்பதன்று.

மயிலாடியின் வரலாறு

நம் மாவட்டத்துச் சபைகளில் உண்மை வழிபாட்டைப் பற்றிப் பேச எழும் எவரும் மயிலாடி மகாராசன் வேதமாணிக்கத்தின் வரலாற்றைச் சொல்லாமல் விடுவதில்லை. சாம்பவர் குலத்தினரான மகாராசன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்திற்குத் திருப்பயணம் சென்றார். அங்கே கண்டவற்றில் மனம் நிறைவுறாமல் திரும்பினார். வழியில் தஞ்சையில் கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டார். வேதமாணிக்கம் என்னும் பெயரோடு திருமுழுக்குப் பெற்று ஊர் திரும்பினார். அவருடைய அழைப்பின் தொடர்பாகவே ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். மயிலாடி ஆலயம் 1809இல் எழும்பியது. இது மிஷன் வரலாற்று நூல்கள் தரும் செய்தி.

இவ்வரலாற்றை நாம் சொல்லும் முறையில்தான் குறை இருக்கிறது. பொய் வழிபாட்டிலிருந்து மெய் வழிபாட்டிற்கு ஒருவர் இடம் மாறினார்; அதோடு கேள்வி தீர்ந்தது என்று சொல்லிவிடுகிறோம். அயலாரின் கோயிலைக் குறைத்துப் பேசவும் இது நமக்குக் கருவியாகிறது. வழிபாடு அவரவர் எல்லையை முழங்கும் முழக்கமாகும்போது என்ன நேரும் என்பதை, முட்டத்திற்கு அண்மையிலுள்ள மண்டைக்காட்டில் 1982 மார்ச் மாதத்தில் நாம் கண்டோம். அந்த நாள்களை நினைவில் வைத்திருப்போர் இக்கரையின் இரு திறத்தாரிடையேயும் இன்னும் இருக்கின்றனர்.

மேலும், வேதமாணிக்கம் சென்று சேர்ந்த தஞ்சைச் சபையையும் நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும். அக்காலத்தில் அச்சபையில் வேளாளரும் தாழ்த்தப்பட்டோரும் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனிப் பகுதிகளில் அமர்ந்தே ஆராதித்தனர். இவ்வேறுபாட்டை ஒழிக்க வேண்டுமென்று பேராயர் தானியேல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது தஞ்சையில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. நாம் இன்றும் கண்ணீர் மல்கப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வேறுபாட்டிற்கு ஆதரவாக எழுதியும் வாதாடியும் நின்றார். அவருடைய பாடல்களின் பக்தியை நான் ஐயுறவில்லை. உண்மையான பக்தியோடு பாடும் நாவும், பக்கத்தில் அமரத்தக்கவர் யார் என்று அளக்கும் கண்ணும் ஒரே முகத்தில் இருக்கக்கூடும் என்பதே நாம் அறிந்துகொள்ள வேண்டிய கசப்பான பாடம்.

யோவான் நான்காம் அதிகாரத்தை இப்பின்னணியில் மீண்டும் வாசிக்க வேண்டும். அந்த மலையா, எருசலேமா என்று சமாரியப் பெண் இடத்தைப் பற்றிக் கேட்டாள். ஆண்டவர் ஆவியையும் உண்மையையும் குறித்து விடையளித்தார். நம் போதகர்கள் இப்பகுதியைச் சிலவேளை உள்ளத்தின் உணர்ச்சி என்றும், சிலவேளை சடங்குகளுக்கு எதிரான வாதம் என்றும் விளக்குகிறோம். ஆனால் அந்த உரையாடல் எங்கே தொடங்கியது? தாகத்திற்குத் தண்ணீர் கேட்டதில் தொடங்கியது. யூதர் தொடாத பாத்திரத்திலிருந்து குடிக்க முன்வந்தவர்தான் பின்னர் உண்மை வழிபாட்டைப் பற்றிப் பேசினார். பாத்திரத்தைப் பகிர மறுத்துவிட்டு அந்தப் போதனையை மட்டும் பிரசங்கிக்கும் உரிமை நமக்கு இல்லை.

ஊழியம் என்னும் சொல்

தென் திருவிதாங்கூரில் ஆராதனையின் பொருளை நமக்கு விளக்கும் இன்னொரு சொல் 'ஊழியம்'. இன்று அது நம்மிடையே உயர்ந்த சொல். ஆனால் அன்றைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால், அரசும் அதிகாரிகளும் தாழ்த்தப்பட்ட மக்களிடம் கூலியின்றிக் கட்டாயமாக வாங்கிய வேலை. சுமை தூக்கவும், ஓலையும் விறகும் கொண்டு கொடுக்கவும், அழைத்த நேரத்தில் போய் நிற்கவும் அவர்கள் கடமைப்பட்டிருந்தனர். கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் (1810-1819) கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது.

இதன் பொருளைச் சற்று எண்ணிப்பாருங்கள். நம் முன்னோருக்கு ஞாயிறு ஆராதனை என்பது ஆறு நாள் அடிமையாய் இருந்தவன் ஏழாம் நாள் நிமிர்ந்து நின்ற நேரம். மணியோசை கேட்டபோது, 'இன்று என்னை எவரும் சுமக்க அழைக்க முடியாது' என்று அறிந்து அவன் ஆலயத்திற்கு நடந்தான். பார்வோனின் அவோதாவிலிருந்து கடவுளின் அவோதாவிற்குச் சென்ற இஸ்ரவேலின் கதை மயிலாடியிலும் நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். உபாகமம் ஐந்தாம் அதிகாரம் ஓய்வுநாளுக்குக் கூறும் காரணமும் இதுவே: நீ எகிப்தில் அடிமையாயிருந்தவன்; ஆகவே உன்னிடம் வேலை செய்பவனும் வேலை செய்பவளும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும்.

அந்த விலக்கைப் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று ஞாயிறு காலையில் நாம் வெண்ணிற ஆடை உடுத்தி ஆலயம் செல்லும்போது, நம் அடுக்களையில் நிற்கும் பெண்ணுக்கு அன்று ஓய்வு உண்டா? அதிகாலையில் மணியடித்து, விரிப்பு விரித்து, எல்லோரும் போன பின் கதவைச் சாத்தும் ஆலயப் பணியாளருக்கு, ஒலிபெருக்கிக்குச் செலவிடும் அளவாவது ஊதியம் கிடைக்கிறதா? கூலியற்ற வேலையிலிருந்து விடுதலை பெற்றவர்கள், 'கர்த்தருடைய ஊழியம்' என்று அதே சொல்லைச் சொல்லியே பிறரிடம் குறைந்த கூலிக்கு வேலை வாங்கினால், பழைய ஊழியம் பெயர் மாறாமலே ஆலயத்திற்குள் குடியேறிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இரு கட்சிகள்

இன்று ஆராதனையைப் பற்றி நம்மிடையே நடக்கும் வாதம் பெரும்பாலும் முறையைப் பற்றியது. ஒரு சாரார் அச்சிட்ட ஒழுங்கும் பாமாலையும் கீர்த்தனையும் வேண்டும் என்பர். மற்றொரு சாரார் கைதட்டலும் இசைக்கருவிகளும் நீண்ட துதியும் வேண்டும் என்பர். முன்னவர் தலைமுறைகளின் நினைவைக் காக்கின்றனர். பின்னவர் உள்ளத்தின் மகிழ்ச்சியைக் காக்கின்றனர். இரண்டும் திருச்சபைக்குத் தேவையானவையே. ஆனால் ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தில் கடவுள் வெறுத்துத் தள்ளியது ஒழுங்கற்ற ஆராதனையையோ உயிரற்ற ஆராதனையையோ அன்று. பண்டிகையும் பலியும் இன்னிசையும் அங்கே குறைவின்றி இருந்தன. ஊர் வாசலில் ஏழைக்கு நீதிதான் இல்லை. இரு கட்சியாரும் அந்த அதிகாரத்தின் முன் ஒருங்கே நிற்க வேண்டியவர்கள்.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில், கைகொடுத்துச் சமாதானம் பகிரும் பழைய மரபு புதுப்பிக்கப்பட்டது. இது உலகத் திருச்சபை முழுவதும் பாராட்டிய செயல். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவரின் கட்டளை (மத்தேயு 5:23-24) அதில் செயலாகிறது. ஆனால் நடைமுறையில் நாம் யாருக்குக் கைகொடுக்கிறோம்? நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பருக்கும் உறவினருக்குமே. வரப்புத் தகராற்றில் மூன்று ஆண்டுகளாகப் பேசாதிருப்பவர் நான்கு வரிசைக்கு அப்பால் அமர்ந்திருக்கிறார். சபைத் தேர்தலில் எதிர் அணியில் நின்றவர் மறு வாசல் வழியே போய்விடுகிறார். ஒழுங்கு நன்று, அதை நாம் பகையில்லாதவரோடு மட்டும் நிறைவேற்றிக்கொள்கிறோம்.

ஒரு மறுப்பு

'அப்படியானால் ஆராதனை என்பது நற்செயல்தானா? நேர்மையாக வாழ்பவன் ஆலயத்திற்கு வரத் தேவையில்லையா?' என்று இறையியல் மாணவர் சிலர் கேட்பர். இக்கேள்வி நியாயமானதே. சமூகத் தொண்டு ஒன்றே வழிபாடு என்று சொல்வதும் பிழையாகும்.

முட்டம் கடற்கரையிலேயே இதற்கு விடை உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் கடலுக்குப் போவதில்லை என்பது இக்கரையின் கத்தோலிக்க மீனவ மக்களிடையே நெடுங்கால வழக்கம். அன்று மீன்பாடு நன்றாக இருக்கக்கூடும். கடனும் வீட்டில் காத்திருக்கும். ஆயினும் வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன. வேலைசெய்யாத அந்த ஒரு நாளில், 'இக்கடல் எங்களுடையதன்று. எங்களுக்குத் தரப்படுகிறது' என்று அவர்கள் அறிக்கை செய்கின்றனர். மண்டியிடும் இந்த நேரம் இல்லாவிடில் மற்ற ஆறு நாளும் எல்லாம் நமது உழைப்பு, நமது உரிமை என்ற மயக்கத்திலேயே கழியும். ஏசாயா ஆலயத்தில் கடவுளின் பரிசுத்தத்தைக் கண்டபோதுதான் தன் உதடுகளின் அசுத்தத்தையும் தன் மக்களின் அசுத்தத்தையும் அறிந்தார். அதன் பின்னரே அனுப்பப்பட்டார். காணாதவன் அனுப்பப்படுவதில்லை. ஆகவே ஆலய ஆராதனை தேவை. ஆனால் அது உண்மையானதா என்பதற்குச் சாட்சி சொல்லத் தக்கவர் பாடிய நாமல்லர்; வெளியே நம்மோடு கொடுக்கல் வாங்கல் செய்பவர்தாம். நம் கடைக்காரர், நம்மிடம் கூலிக்கு வருபவர், நம் வழக்கில் எதிர்த்தரப்பினர், நம் வீட்டுப் பெண்கள் ஆகியோரைக் கேட்டால் அவர்கள் சொல்வார்கள்.

ஆயர் பணிக்கு ஆயத்தப்படும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஆராதனையை நடத்தக் கற்கும் நீங்கள், இறுதி ஆசீர்வாதத்தை முடிவுரையாக எண்ணாதீர்கள். அது அனுப்புதல். அதைச் சொல்லிக் கையை இறக்கும்போது, வாசலில் காத்திருக்கும் முதல் மனிதர் யார் என்று பாருங்கள். அவரிடத்தில்தான் ஆராதனையின் அடுத்த பகுதி தொடங்குகிறது.

அந்த 20 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன் என்று எழுத முடிந்தால் நன்றாயிருக்கும். அன்று மாலையே நாங்கள் முட்டத்தை விட்டுப் புறப்பட்டோம். பின்னர் இருமுறை அங்கே சென்றும் அந்தப் பெண்மணியை நான் காணவில்லை. அவர் விலை சொன்ன அந்தச் சாளைக்காக யாரோ ஒருவர் விடியுமுன் கடலில் இறங்கியிருந்தார். அதைத் தலையில் சுமந்து அவர் நெடுந்தொலைவு நடந்திருந்தார். அவர்களுடைய உழைப்பின் ஒரு பகுதியைத் திருவிருந்தின் சுவை நாவிலிருக்கும்போதே நான் குறைத்து வாங்கினேன். இப்பொழுது மீன் வாங்கும்போதெல்லாம் சொன்ன விலையைக் கொடுத்துவிடுகிறேன். இது பெரிய காரியமன்று. ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு, 'இன்னும் முடியவில்லை, அம்மா' என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றே.