செட்டிநாட்டு வீடுகள்: விடுதியானால் பிழைக்குமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு சுற்று வந்தால் செட்டிநாட்டு வீடு ஒன்றை உதிரி உதிரியாக விலைக்கு வாங்கிவிடலாம். செதுக்கிய நிலைக்கதவு ஒரு கடையில் சாய்ந்திருக்கும். பக்கத்துக் கடையில் பர்மா தேக்குத் தூண்கள், உள்ளே எனாமல் பாத்திரங்கள், பெல்ஜியம் கண்ணாடி, யாரோ ஒரு ஆச்சியின் சீர்ச் சாமான்கள். இந்தச் சரக்கு வருவது நின்றபாடில்லை. அதே காலத்தில் கானாடுகாத்தான், கடியாபட்டி, கோத்தமங்கலம் பக்கம் சில வீடுகள் மராமத்துப் பார்க்கப்பட்டுத் தங்கும் விடுதிகளாகத் திறந்திருக்கின்றன. இடிப்புக்கு மாற்று இதுதான் என்று இந்த விடுதிகளைப் பலரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டத்தில் நியாயம் உண்டு. ஆனால் இந்த வழி எத்தனை வீடுகளுக்குத் திறக்கும் என்ற கேள்வியை யாரும் எழுப்பக் காணோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை, பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் சொந்த ஊரில் கட்டிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. பர்மாவின் விடுதலைக்குப் பின் அங்கே நிலங்கள் நாட்டுடைமையாயின. வீட்டைத் தாங்கிவந்த வருமானம் அத்தோடு முறிந்தது.

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில், வளவைச் சுற்றிய அறைகள் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாகப் பிரிந்தவை. அறை அந்தந்தப் பங்காளிக்கு. கூரை எல்லாருக்கும் பொது. எல்லாச் சிக்கலும் இந்த ஏற்பாட்டில்தான் மூள்கிறது. நாட்டு ஓட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து, உடைந்ததைக் கழித்து, மறுபடி அடுக்கியாக வேண்டும். மூன்று தலைமுறையில் பங்காளிகள் பெருகி, சென்னையிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் பரவிவிட்டார்கள். ஒழுகுவது தன் அறைக்கு மேல் இல்லையென்றால் பணம் கொடுக்க மனம் வருவதில்லை. தன் அறைக்கு மேல் என்றாலோ தனியாளாக முழுக்கூரைக்கும் செலவழிக்க முடிவதில்லை. தேக்கு எளிதில் இற்றுப்போகாது. ஆனால் சுவர்த்தலையில் நீர் இறங்கினால் சுண்ணாம்புப் பூச்சு உப்பி விழும், விரிசலில் அரசங்கன்று வேர்விடும். பிறகு தரகர் வருவார். நிலையும் தூணும் முதலில் போகும், உத்தரமும் கைமரமும் அடுத்து, கடைசியில் மனை.

விடுதி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஆண்டுதோறும் கூரைக்கு யார் பணம் தருவது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருக்கிறது. காரைக்குடி பங்களா 1990களின் இறுதியில் விருந்தினருக்குத் திறந்தது. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய ‘விசாலம்’, கோத்தமங்கலத்தில் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் மீட்டெடுத்த ‘சாரதா விலாஸ்’ ஆகியவை பின்னால் வந்தன. இவற்றில் வேலை பார்த்த கொத்தனார்கள் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கண்ணாடிபோல் தேய்த்தெடுக்கும் பூச்சைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். வேலை இருந்தால்தான் கை பழகும். விடுதிகளின் பெரிய நன்மையாக நான் கருதுவது இதைத்தான். சமையற்கட்டிலும் அறைப் பராமரிப்பிலும் உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்த சம்பளமும் குறைத்து மதிக்கத்தக்கதல்ல.

குறை எங்கே என்றால், விடுதியாகும் தகுதி மிகச் சில வீடுகளுக்கே வாய்க்கிறது. பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும், பத்திரம் தெளிவாக இருக்க வேண்டும், ஊர் நல்ல சாலையை ஒட்டி இருக்க வேண்டும். செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள். அங்கே வருகிறவர் ஓரிரண்டு இரவு தங்குவார். வெயில் காலத்தில் அவரும் வரமாட்டார். இந்த வருமானத்தை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பங்கிட முடியாது. ஆத்தங்குடி லட்சுமி விலாஸ்போலக் கட்டணம் வாங்கி வீட்டைக் காட்டுவதும், சினிமா படப்பிடிப்புக்கு விடுவதும் இன்னும் சில வீடுகளுக்கு உதவும். மிச்ச வீடுகள் அடுத்த மழையை நம்பித்தான் நிற்கின்றன.

வீட்டுக்குள்ளும் ஒரு விலை கொடுக்கவேண்டியிருக்கிறது. பணமும் பண்டமும் பூட்டிவைக்கக் கட்டிய சிறிய அறைகள் விருந்தினர் படுக்கத் தோதானவை அல்ல. சுவரை இடித்து இரண்டை ஒன்றாக்குகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் கழிவறை சேர்க்கிறார்கள், தடித்த சுண்ணாம்புச் சுவரில் ஏசிக் குழாய்க்குத் துளையிடுகிறார்கள். புள்ளிக் கணக்கில் அமைந்த வீடு அறைக் கணக்கில் அமைந்த வீடாகிறது. இதைவிட எனக்கு உறுத்துவது படைப்பும் கல்யாணமும். பூட்டிக் கிடக்கும் வீடுகூட முன்னோருக்குப் படைக்கும் நாளில் திறக்கும். உலகெங்குமிருந்து பங்காளிகள் வந்து வளவில் உட்காருவார்கள். நீண்டகாலக் குத்தகைக்கு விட்ட வீட்டில் அந்த நாளுக்கும் விருந்தினர் முன்பதிவு குறுக்கே நிற்கும். இதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கலாம். எழுதி வாங்கும் குடும்பங்கள் புத்திசாலிகள்.

பினாங்கு ஜார்ஜ் டவுனைக் காட்டி எச்சரிப்பவர்கள் உண்டு. நகரத்தாரின் கிட்டங்கிகளும் (வணிக விடுதிகளும்) அடங்கிய அந்நகரில் 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறத் தொடங்கினர். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கடைவீடுகள் விடுதியாகவும் காபிக்கடையாகவும் மாறின. அந்த எச்சரிக்கையை அப்படியே இங்கே பொருத்துவது பிழை. செட்டிநாட்டில் சுற்றுலா யாரையும் வெளியேற்றவில்லை. ஆட்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். இங்கே தேவை, வராதவர்களின் பணத்தையும் அக்கறையையும் ஊருக்குத் திருப்பும் வழி.

அதற்குத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஒரு பாடம். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் கண்ணறைகளில் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை மெல்ல எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டுச் சமன் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, உலரவிட்டுக் கண்ணாடியை உரித்தால் பளபளப்பு கல்லோடு வருகிறது. மெருகு இயந்திரம் எதுவும் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் புது வீடு கட்டுவோர் இந்தக் கல்லைக் கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பணம் எந்த வீட்டின் சுவரையும் இடிக்காமல் ஊருக்குள் வருகிறது. அதே பூவை அச்சடித்த ஆலை டைல்ஸ் இதற்குப் போட்டி. பெயரைக் காப்பாற்றாவிட்டால் பட்டறை நிற்காது.

2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அங்கே ஏறியது ஊர்த்தொகுதி என்பதைக் கவனிக்க வேண்டும்: நேர்கோட்டுத் தெருக்கள், கூரை நீர் வடிகால் வழியே சேரும் ஊரணி, கோவில் எல்லாம் சேர்ந்தது. நாலு விடுதிகள் மிஞ்சி மற்றதெல்லாம் காலிமனையானால் பட்டியலில் சொன்ன ஊர் எங்கே இருக்கும்?

சட்டம் அறவே இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த நூறாண்டுப் பழமையான பொருளும் தொல்பொருள்தான். உரிமமின்றி அதை வணிகம் செய்யக் கூடாது. தனியார் ஏற்றுமதி செய்யவும் கூடாது. 1900 வாக்கில் கட்டிய வீட்டின் நிலைக்கதவு இன்று இந்த வரையறைக்குள் வந்துவிட்டது. கடைகளில் இதைச் சரிபார்க்க ஆள் அனுப்பினால் போதும், இடிப்பின் லாபம் குறையும். தடை மட்டும் போட்டால் பங்காளிகள் வீட்டைத் தானாக விழவிடுவார்கள் என்பதால், மறுபக்கம் பணமும் வேண்டும். இருபதாண்டுக்குப் பெயர்த்து விற்பதில்லை என்று பங்காளிகள் கூட்டாக எழுதிக் கொடுத்தால் சொத்துவரியில் தள்ளுபடியும், ஓடு மாற்றக் குறைந்த வட்டிக் கடனும் தரலாம். எல்லாரும் கையெழுத்திடாவிட்டாலும், பெரும்பாலோர் சம்மதித்தால் கூரை வேலையைத் தொடங்க விதி செய்யலாம். விடுதிகளிடமிருந்து வரும் வரியில் ஒரு பங்கை அதே ஊரின் கூரைகளுக்கென்று ஒதுக்கிவைத்தால், விடுதி வைக்க வழியில்லாத வீட்டுக்கும் சுற்றுலாவால் ஒரு லாபம் கிட்டும்.