ஒரே அட்டவணையில் நான்கு துறைகள்

இந்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் ஆய்வுக்கு என்ன மதிப்பு? பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைகளின் பின்னிணைப்பில் இருக்கும் ஓர் அட்டவணை அதற்கு விடை சொல்கிறது. அறிவியல், பொறியியல், வேளாண்மை, மருத்துவத் துறைகளில் கட்டுரை ஒன்றுக்கு 8 மதிப்பெண். மொழி, கலை, சமூக அறிவியல், வணிகவியல் முதலியவற்றில் 10. பன்னாட்டுப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 12, தேசியப் பதிப்பகம் என்றால் 10. ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் 8. கட்டுரை வந்த இதழின் தாக்கக் காரணியைப் பொறுத்து இன்னும் 5 முதல் 30 வரை சேரும். இணைப் பேராசிரியர் ஆக 7 கட்டுரைகளும் 75 மதிப்பெண்ணும் வேண்டும். பேராசிரியர் ஆக 10 கட்டுரைகளும் 120 மதிப்பெண்ணும் வேண்டும்.

அணுவைப் பிளப்பவரும் நாற்றை வளர்ப்பவரும் கல்வெட்டைப் படிப்பவரும் சட்டத்தை விளக்குபவரும் இதே அட்டவணையைத்தான் நிரப்ப வேண்டும். உயர்கல்வியின் எல்லாச் சீர்கேடுகளுக்கும் இந்த மதிப்பெண் முறையே காரணம் என்று பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் சொல்லாமல் இதை எடைபோட முடியாது.

மதிப்பெண் முறை 2010 விதிமுறைகளோடு வந்தது. அதற்கு முன் பணி நியமனத்தையும் பதவி உயர்வையும் முடிவு செய்தவை பெரும்பாலும் பணி மூப்பும் நேர்காணல் குழுவின் விருப்பமும்தான். ‘யாருடைய ஆள்’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவர், எவ்வளவு நன்றாக ஆய்வு செய்திருந்தாலும் வரிசையின் கடைசியில் நின்றார். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, சாதிச் செல்வாக்கோ கட்சித் தொடர்போ இல்லாமல் வந்த ஆய்வாளருக்கு, அச்சான கட்டுரையும் அதற்குரிய மதிப்பெண்ணும் யாராலும் மறைக்க முடியாத சான்றுகள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம், நீதிமன்றத்தில் காட்டலாம். ‘எனக்கு 130, நியமிக்கப்பட்டவருக்கு 90’ என்று சொல்ல முடிவது சிறிய காரியமன்று. அதோடு, முனைவர் பட்டம் வாங்கியதும் பேனாவை மூடிவைத்துவிட்ட பலரை மறுபடி எழுத வைத்ததும் இந்த முறைதான். எண்ணிக்கையைக் குறை சொல்கிறவர்கள் இந்த நன்மைகளை மறக்கக் கூடாது.

ஆனால் இந்த அட்டவணை ஒரு துறையின் பழக்கத்தை மற்ற எல்லாத் துறைகளுக்கும் சட்டமாக்கிவிட்டது. சோதனைக்கூட அறிவியலுக்குக் கட்டுரைதான் இயல்பான வடிவம். கண்டுபிடிப்பு சுருக்கமாக எழுதப்படும், சக அறிஞர்கள் சரிபார்ப்பார்கள், உலகின் இன்னொரு மூலையில் யாரோ அதே சோதனையைச் செய்து பார்ப்பார்கள். ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1954இல் கொலாஜன் புரதத்தின் மும்மைச் சுருள் அமைப்பை முன்வைத்தார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, இன்றும் புரத ஆய்வாளர்கள் அன்றாடம் கையாளும் ‘ராமச்சந்திரன் வரைபடத்தை’ வெளியிட்டார். சில பக்கங்களே கொண்ட அந்தக் கட்டுரைகள் வழியாகத்தான் சென்னையை உலகம் கவனித்தது.

அறிவியலுக்குள்ளேயே கூட இந்த அளவுகோல் சீராக நிற்பதில்லை. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015இல் வெளியான கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கங்களில் 9 பக்கம்தான் ஆய்வு. மீதியெல்லாம் பெயர்களும் நிறுவனங்களும். இருவருக்கு மேல் சேர்ந்து எழுதினால் முதன்மை ஆசிரியருக்கு 70 சதவீதமும் மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதமும் என்கிறது அட்டவணை. அப்படிக் கணக்கிட்டால் அந்த ஆயிரக்கணக்கானோரில் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 10 மதிப்பெண் வரும். இந்திய மொழி ஒன்றில் தனியாளாகப் பல ஆண்டு உழைத்து எழுதிய நூலைத் தேசியப் பதிப்பகம் வெளியிட்டாலும் அதே 10தான். துகள் இயற்பியலாளர்கள் மீது இதில் தவறில்லை. அந்தத் துறை அப்படித்தான் இயங்க முடியும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் தவறு.

தாக்கக் காரணியின் கதையும் இதுதான். மேற்கோள்களைத் தொகுக்கும் யோசனையை 1955இல் முன்வைத்த யூஜீன் கார்ஃபீல்டும் அவருடன் பணியாற்றியவர்களும், எந்த இதழ்களைத் தங்கள் அட்டவணையில் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க உருவாக்கிய கருவி அது. ஓர் இதழின் கடந்த 2 ஆண்டுக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை மட்டுமே அது சொல்லும். அதை வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடுவதன் ஆபத்தைக் கார்ஃபீல்டே எச்சரித்தார். உயிரியலில் 2 ஆண்டு என்பது நீண்ட காலம். கணிதத்தில் ஒரு நிரூபணத்தைப் பிறர் படித்து உள்வாங்கவே அந்தக் காலம் போதாது.

வேளாண்மைக்கு வருவோம். நாட்டின் பல மாநிலங்களுக்கான கரும்பு ஒட்டுகள் கோயம்புத்தூரில்தான் செய்யப்படுகின்றன, ஏனென்றால் கரும்பு அங்கே நன்றாகப் பூக்கிறது. ஒட்டு சேர்த்துக் கிடைத்த விதையை முளைக்க வைத்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தேறியவற்றைக் கரணையாக நட்டு, ஆண்டுதோறும் கழித்துக் கழித்து, பல ஊர்களிலும் பின்பு உழவர் வயல்களிலும் சோதித்த பிறகே ஒரு ரகம் வெளிவரும். இதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிடும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தின் கர்னால் மையத்திலிருந்து 2009இல் வெளிவந்த கோ 0238 ரகம், உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிடித்தது. அந்த மாநில ஆலைகளில் சர்க்கரைக் கட்டுமானம் சுமார் 9 சதவீதத்திலிருந்து 11 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. லட்சக்கணக்கான குடும்பங்களின் வருமானத்தை மாற்றிய இத்தகைய ஆய்வுக்கு மானியக் குழு அட்டவணையில் தனி வரியே இல்லை. காப்புரிமைக்கு இடம் உண்டு. ஆனால் இந்தியக் காப்புரிமைச் சட்டம் தாவரங்களுக்கும் விதைகளுக்கும் காப்புரிமை தருவதில்லை.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் மதிப்பெண் முறையில் பயிர் ரகத்துக்கு இடம் இருக்கிறது. ஒரு துறை தனக்கு வேண்டிய வரியைத் தானே எழுதிக்கொள்ள முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அந்த வரியும் முழுமையானதன்று. ஒரே ரகம் பரவிப் பரவி நிலமெல்லாம் அதுவாகிவிட்டபோது, கோ 0238ஐச் செவ்வழுகல் நோய் கடுமையாகத் தாக்கியது. ரகம் வெளியான அன்றே மதிப்பெண் கொடுத்துக் கோப்பை மூடிவிட்டால் இது கணக்கில் வராது. உழவர்கள் எவ்வளவு ஏற்றார்கள் என்பதோடு, எத்தனை ஆண்டு அது தாக்குப்பிடித்தது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மொழி ஆய்வில் காலத்தின் அளவே வேறு. ஐராவதம் மகாதேவன் 1960களின் தொடக்கத்தில் குகைகளில் உள்ள தமிழ்-பிராமி கல்வெட்டுகளைப் படிக்கத் தொடங்கினார். ஈரத்தாளைப் பாறைமேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுத்தால், எழுத்து எது, பாறையின் வெடிப்பு எது என்று பிரித்தறிவதற்கே பலமுறை திரும்ப வர வேண்டும். புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர் மூன்று தலைமுறையினரை அடையாளம் கண்டு, சங்க இலக்கியத்தின் காலத்துக்குக் கல்லிலிருந்து சான்று காட்டினார். 1990களில் மறுபடி குகை குகையாக ஏறிப் பழைய வாசிப்புகளைச் சரிபார்த்தார். அவருடைய பெருநூல் 2003இல் வந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு உழைப்புக்கு அட்டவணை தரக்கூடியது அதிகபட்சம் 12. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கான பணி 1913இல் தொடங்கியது. அதன் ஆறு தொகுதிகளும் 1936இல்தான் நிறைவடைந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த வேலையின் இறுதிப் பத்தாண்டுக்குப் பொறுப்பேற்ற வையாபுரிப்பிள்ளை இன்று விண்ணப்பித்தால், பதிப்பாசிரியர் என்ற வரியில் 8 மதிப்பெண் கிடைக்கும்.

சட்டத்துறையில் ஆய்வின் பயன் இன்னும் எதிர்பாராத வழிகளில் வருகிறது. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்ரிக் கான்ராட் 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகச் சட்டத்துறையில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லையா என்பது பொருள். இந்தியாவைத் தமிழகம் என்றும் எஞ்சிய நாடு என்றும் ஒரு திருத்தத்தால் பிரிக்க முடியுமா, உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையை ஒரு திருத்தத்தால் நீக்க முடியுமா என்று கேட்டார். வைமார் அரசியல் சட்டம் ஹிட்லரின் கையில் பட்ட பாட்டை அறிந்த நாட்டிலிருந்து வந்த கேள்விகள் அவை. வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் அந்த உரையைக் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். நீதிபதி கன்னா தம் தீர்ப்பில் கான்ராடை மேற்கோள் காட்டினார். பல்கலைக்கழக அளவிலான உரைக்கு அட்டவணை தருவது 2 மதிப்பெண்.

காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருவர் வல்லுறவுக்கு ஆளான வழக்கில், காவலர்கள் இருவரை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட சட்ட ஆசிரியர்கள் நால்வர் அடுத்த ஆண்டு தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதிலிருந்து எழுந்த இயக்கம் 1983இல் குற்றவியல் சட்டத் திருத்தத்தில் முடிந்தது. திறந்த மடலுக்கும் அட்டவணையில் இடமில்லை.

அளவுகோல் பொருந்தாவிட்டாலும் பதவி உயர்வு வேண்டுமே? அங்கேதான் சந்தை முளைத்தது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து மானியக் குழுவின் பட்டியலில் ஏறிய இதழ்களைச் சோதித்து 2018இல் ‘கரன்ட் சயின்ஸ்’ வெளியிட்ட ஆய்வு, சோதித்தவற்றுள் 88 சதவீதத்துக்கு மேல் தகுதியற்றவை என்றது. அதே ஆண்டு மே மாதம் மானியக் குழு 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியது. 2019இல் ஏற்கத்தக்க இதழ்களின் ‘கேர்’ பட்டியல் வந்தது; 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. தமிழ்த்துறைகளில் இதன் விளைவைக் கண்ணால் காணலாம். ஒருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கம், காலையில் தொடக்க விழா, பொன்னாடை, மாலையில் சான்றிதழ். கட்டணம் கட்டியவர் எல்லாருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணுடன் கனத்த ஆய்வுக்கோவை. கட்டுரைக்கு நான்கு பக்கம். ‘இலக்கியத்தில் மகளிர்’, ‘இலக்கியத்தில் வாழ்வியல்’ என்ற தலைப்புகள் நூலை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். ஒருவரும் வாசிக்காத அந்தக் கோவையைத் தயாரிக்கச் செலவாகும் உழைப்பில் ஓர் ஓலைச்சுவடியைப் பிழையறப் பதிப்பித்துவிடலாம். எழுத வந்த இளைஞர்களைச் சோம்பேறிகள் என்று இதற்காகக் குற்றம் சாட்டுவது அநியாயம். கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள், கேட்டவர்கள் தவறாகக் கேட்டார்கள்.

அப்படியானால் எண்ணிக்கையை ஒழித்துவிடலாமா? மானியக் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு அந்தத் திசையில் சென்றது. மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒன்பது வகைக் ‘குறிப்பிடத்தக்க பங்களிப்புகளை’ முன்வைத்து, ஒருவருடைய பங்களிப்பு போதுமா என்ற முடிவைத் தேர்வுக் குழுவிடம் விட்டது. துணைவேந்தர் நியமனம் தொடர்பாகத் தமிழ்நாடு எதிர்த்துத் தீர்மானம் போட்டது இந்த வரைவைத்தான். அந்த எதிர்ப்பின் இரைச்சலில் இந்தப் பகுதி போதிய கவனம் பெறவில்லை. எண் போன இடத்தில் எழுத்தில் வராத விருப்பு வெறுப்பு வந்து உட்கார்ந்தால், 2010க்கு முந்தைய நேர்காணல் அறைக்கே திரும்பிப் போவோம். அதில் முதலில் அடிபடுபவர் பின்புலம் இல்லாத அந்த முதல் தலைமுறை ஆய்வாளர்தான்.

ஆகவே நான் கேட்பது இரண்டும் சேர்ந்த ஒரு முறை. எண்ணிக்கை அடித்தளமாக இருக்கட்டும், ஆனால் குறைவாக இருக்கட்டும். அதைத் தாண்டியவர்களை அதே எண்ணால் வரிசைப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு துறையும் தனக்குரிய வரிகளை எழுதட்டும்: வேளாண்மையில் ரகமும் அதன் ஆயுளும், மொழியில் செம்பதிப்பு, அகராதி, கல்வெட்டு வாசிப்பு, மொழிபெயர்ப்பு, சட்டத்தில் தீர்ப்பிலும் மசோதாவிலும் இடம்பெற்ற வாதம், அறிவியலில் பிறர் சரிபார்த்த முடிவும் திறந்து வைத்த தரவும். விண்ணப்பிப்பவர் தம் ஐந்து சிறந்த ஆய்வுகளைக் கொடுக்கட்டும். மாநிலத்துக்கு வெளியே உள்ள இரண்டு அறிஞர்களாவது அவற்றை உண்மையில் படிக்கட்டும். தமிழ் ஆய்வைத் தமிழில் படிக்கத் தெரிந்தவரே மதிப்பிடட்டும். உள்ளூர்ச் சூழலுக்கான ஆய்வைப் பாதுகாக்க வேண்டும் என்று ஆய்வை மதிப்பிடும் முறை குறித்து 2015இல் வெளியான லைடன் அறிக்கை உலகுக்கே சொன்னது.

எல்லாவற்றையும்விட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. ஏன் இவர், ஏன் அவரில்லை என்று ஒரு பக்கக் காரணம் எழுத்தில் பதிவாகி, பல்கலைக்கழக இணையதளத்தில் எல்லாரும் படிக்கும்படி வெளியாக வேண்டும். மதிப்பெண் கொடுத்த பாதுகாப்பு அதன் எண்ணில் இல்லை. அதை எவரும் கேட்டுச் சரிபார்க்கலாம் என்பதில்தான் இருந்தது. காரணம் எழுத்தில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு தொடரும், ஆய்வும் தன் இயல்பில் நடக்கும். 2018 விதிமுறைகள் கேட்கும் மதிப்பெண் குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. அதற்கு மேல் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று வெளியிட எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தடையில்லை. டெல்லி அடுத்த விதியை எழுதும்வரை காத்திராமல், நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிமன்றக் குழுக்கள் இதை அடுத்த நியமனத்திலேயே தொடங்கலாம்.