பதனிடாத தோலில் ஓர் உருவப்படம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோலைத் தொட்டே தரம் சொல்லும் ஆட்கள் நிறைய உண்டு. அவர்கள் கையில் நிழற்கூத்தில் ஆடும் ஒரு தோல்பாவையைக் கொடுத்தால் தடவிப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்: இது பதனிடாத தோல்.

டேனரியில் ஆட்டுத்தோல் சுண்ணாம்பில் ஊறி, முடி உதிர்ந்து, சதை சீவப்பட்டு, குரோம் உப்பிலோ ஆவாரம்பட்டைச் சாற்றிலோ பதமாகிறது. பிறகு அது அழுகாது. ஆனால் வெளிச்சத்துக்கும் வழிவிடாது. பாவைக்காரர் முடியும் சதையும் போனதுமே நிறுத்திக்கொள்கிறார். இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத்தோல் விளக்குக்கு முன்னால் தேன்நிறமாகத் தெளிகிறது. அதுதான் அவருடைய கித்தான்.

உருவப்படம் என்றதும் ஓர் ஒப்பீடு: நாடகாசிரியர் இப்செனை நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1902இல் கல்லச்சில் வரைந்தார். கஃபே ஜன்னலருகே, கருமையிலிருந்து அந்தப் பெரிய தலை மட்டும் எழுந்து வருகிறது. அது நாடகத்தை எழுதியவரின் முகம். பாவையில் இருப்பதோ பாத்திரத்தின் முகம். வரைந்து முடித்த பிறகு அது நடிக்கவும் வேண்டும். அதனால்தான் தோளிலும் முழங்கையிலும் தனித்தனியாக வெட்டிக் கயிற்றால் முடிந்திருக்கிறார்கள்.

ராமனின் கிரீடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மணிகளுக்கு வர்ணமே கிடையாது. உளியால் போட்ட துளைகள்தான். பின்னால் விளக்கு ஏறியதும் அவை வெள்ளைக் கற்களாக மின்னும். உடம்புக்கு மெல்லிய சாயம்; தோலின் இரு பக்கமும் தீட்டியது. முகம் பக்கவாட்டில் இருந்தாலும் கண் முழுசாக விழித்திருக்கும்.

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் பாவை ஆடும் கூத்துமாடங்களில் பெரும்பாலும் கருநிழலே கதை சொல்லும். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட, தமிழ்நாட்டில் பாவைக்கூத்து நடத்தும் நம் மண்டிகர்கள் திரையில் நிறத்தையே விழவைத்தார்கள். குமரி மாவட்டத்துக் கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமாயணத்துக்கு நடுவே புகுந்து உள்ளூர்க் கேலி பேசும்போது, அத்தனை குரலும் ஒரே கலைஞருடையது. முகங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் பார்த்துக்கொள்வது கோடும் சாயமும்தான்.

அலங்காரத்துக்காகச் சுவரில் அறைந்த பாவையை வைத்து இந்தக் கலையை எடைபோடக் கூடாது. வாங்குமுன் பின்னால் ஒரு பல்பைப் பிடித்துப் பாருங்கள். முகம் தெளியவில்லையென்றால் தோல் தடிப்பு, இல்லையேல் வர்ணம் அதிகம். இரண்டில் எதுவென்று ஆம்பூர்க்காரர் விரலாலேயே சொல்லிவிடுவார்.