தடயமும் மன்றமும்: குற்றப் புலனாய்வுக் கையேடுகளின் தமிழ் குறித்துச் சில கருத்துகள்

ஆய்வுச்சுருக்கம்

குற்றப் புலனாய்வு பற்றிய நோக்கு நூல்களின் வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. எனினும் அந்நூல்களின் அறிவு தமிழுக்கு வரும்போது சொல்லளவில் நேரும் இழப்புகள் போதிய கவனம் பெறவில்லை. 2023ஆம் ஆண்டு மரக்காணம் சாவுகளை முன்வைத்து அவ்விழப்புகளுள் சிலவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: தடய அறிவியல், சட்ட மருத்துவம், கலைச்சொல், மகஜர், மெத்தனால், விழுப்புரம், திண்டிவனம்

சென்னையில் பிறந்த ஒரு கையேடு

ஆஸ்திரியாவில் புலனாய்வு நீதிபதியாகப் பணியாற்றிய ஹான்ஸ் கிராஸ் 1893இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கையேடு, நவீனக் குற்றப் புலனாய்வின் முதனூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. புலனாய்வாளர் சம்பவ இடத்திற்கு எடுத்துச் செல்லும் பையில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதைக்கூட ஒவ்வொன்றாக எழுதிவைத்தவர் அவர். அந்நூலின் ஆங்கில ஆக்கம் 1906இல் வெளிவந்தது. வெளிவந்த இடம் லண்டன் அன்று, சென்னை. மொழிபெயர்த்த ஜான் ஆடம், ஜே. காலியர் ஆடம் ஆகிய இருவரும் சென்னையில் அரசு வழக்குரைஞர்களாக இருந்தவர்கள். இந்திய, குடியேற்ற நாட்டு நடைமுறைகளுக்கேற்பத் தழுவப்பட்டது என்னும் குறிப்பு தலைப்புப் பக்கத்திலேயே இடம்பெற்றது. 1934இல் நார்மன் கெண்டல் திருத்திய பதிப்பு லண்டனில் வெளிவருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இந்நூல் சென்னை நீதிமன்றச் சூழலில் வேர்கொண்டிருந்தது.

இவ்வரலாற்றை எண்ணிப் பெருமைப்படுவது எளிது. ஆனால் தழுவல் யாருக்காக என்று கேட்டாக வேண்டும். குற்றவியல் நடுவர், போலீஸ் அதிகாரி, வழக்குரைஞர் என்று நூலே தன் வாசகர்களைச் சொல்லிவிடுகிறது. மகஜரில் கையொப்பமிடும் கிராம முன்சீப்பும் அதை எழுதும் ஏட்டும் அவ்வரிசையில் இல்லை. 1920இல் முதற்பதிப்புக் கண்டு இன்றளவும் திருத்தப்பட்டு வரும் ஜெய்சிங் மோடியின் சட்ட மருத்துவ, நஞ்சியல் நூலும் மருத்துவரையும் வழக்குரைஞரையும் நோக்கியதே. தமிழில் எழுதப்படும் கையேடு நிரப்பவேண்டிய வெற்றிடம் இங்கேதான் உள்ளது.

ஒரு சொல்லில் விடுபட்டது

ஆங்கிலத்தில் 'ஃபாரன்சிக்' எனப்படும் சொல், மன்றத்தைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. மன்றத்திற்குரியது என்பதே அதன் பொருள். தமிழில் நாம் அதனைத் 'தடய அறிவியல்' ஆக்கிக்கொண்டோம். அரசுத் துறையின் பெயரும் அதுவே. 'தடயவியல்' என்னும் வடிவமும் நாளிதழ்களில் வழங்குகிறது. சொல் அழகானது, பொருள் விளங்கக்கூடியது. அதனை மாற்றச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் மன்றம் போய்த் தடயம் மட்டும் எஞ்சியதன் விளைவை மறைப்பதற்கில்லை. தடயத்தை எங்ஙனம் கண்டறிவது என்பதை விரித்துரைக்கும் நூல், அத்தடயம் எங்ஙனம் சாட்சியமாகிறது என்பதை ஓரிரு பத்திகளில் கடந்துவிட இச்சொல் இடங்கொடுக்கிறது. 'சட்ட மருத்துவம்' என்னும் தொடர் இவ்வகையில் மேலானது. சட்டம் அதன் பெயரிலேயே நிற்கிறது.

கைப்பற்றிய பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது, இடையில் முத்திரை உடைந்ததா என்பதே குறுக்கு விசாரணையில் முதலில் எழும் வினா. 1952ஆம் ஆண்டின் ஆளவந்தார் கொலை வழக்கு இதற்கு நல்ல பாடம். எழும்பூரில் தொடர்வண்டியில் ஏற்றப்பட்ட பெட்டி, திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் ஒருவரும் அறியாமல் கடந்து, மானாமதுரையில் திறக்கப்பட்டது. தலையோ இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே மனிதருடையவை என்று மன்றத்தில் நிறுவுவது சென்னை மருத்துவக் கல்லூரியின் சி. பி. கோபாலகிருஷ்ணன் பணியாயிற்று. இவ்வழக்கு தமிழில் எத்தனையோ முறை கதையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கைமாற்றத்தின் வரலாறாக அதை எழுதினால் மாணவருக்கு எவ்வளவோ பயன்படும்.

சாராயம் என்னும் சொல்

2023 மே மாதத்தில், திண்டிவனம் கோட்டத்தைச் சேர்ந்த மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மீனவர்கள் பலர் உயிரிழந்தனர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் நேர்ந்த சாவுகளையும் சேர்த்தால் இறந்தோர் 20 பேருக்கும் மேல். பாதிக்கப்பட்டோர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். மாதிரிகளைத் தடய அறிவியல் ஆய்வுக்கு உட்படுத்தியதில், அவர்கள் அருந்தியது ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறைத் தலைமை அறிவித்தது. அது கள்ளச்சாராயமா, விஷச்சாராயமா என்னும் சொற்போர் அப்போது அரசியல் மேடையில் நடந்தது. வெறும் சொற்போர் என்று அதனைத் தள்ளிவிட இயலாது. மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் வரும் குற்றமா, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 328ஆம் பிரிவில் சொல்லப்பட்ட நஞ்சூட்டும் குற்றமா என்பதோடு அது தொடர்புடையது.

வேதியியல் ஐயத்திற்கு இடமற்றது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இவ்வமிலமே பார்வை நரம்பைத் தாக்கிக் குருதியை அமிலப்படுத்துகிறது. இம்மாற்றத்திற்கு நேரம் ஆகும். ஆகவே குடித்தவர் முதலில் நலமாகவே காணப்படலாம். பல மணி நேரம் கழிந்து, சில வேளை மறுநாளே, கண் மங்கத் தொடங்கும். சாதாரணச் சாராயமான எத்தனாலே இதற்கு ஒரு மாற்று மருந்தாகவும் பயன்படுவதுண்டு. ஆனால் உறவினர் தரும் வாக்குமூலத்தில் எல்லாம் 'சாராயம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். அச்சொல்லைத் திருத்தாமல் அப்படியே பதிவதே முறை. 'மெத்தனால் குடித்தார்' என்று ஏட்டு எழுதினால், எழுத்தறியாத சாட்சி மன்றத்தில் அச்சொல்லுக்கு விடை சொல்ல முடியாமல் திணறுவார்.

இதைவிட நுட்பமான இடர் ஒன்று உண்டு. பிணக்கூறாய்வில் எடுக்கும் உள்ளுறுப்புகளைப் பெரும்பாலும் செறிந்த உப்புக் கரைசலில் இடுவர். சிலவகை நஞ்சுகளுக்கு எரிசாராயத்தில் இடலாம் என்று நூல்கள் கூறும். ஆனால் ஆல்கஹால் வகை நஞ்சு ஐயப்படும்போது அது கூடவே கூடாது. ஏனெனில் தேடப்படும் இனத்தைச் சேர்ந்த பொருளைப் பாதுகாக்கும் நீர்மமாகவே ஊற்றிவிட்டதாக ஆகிவிடும். இந்த விலக்கைத் தமிழாக்குபவர் 'எரிசாராயம்', 'சாராயம்', 'ஆல்கஹால்' ஆகிய மூன்றையும் வேறுபாடின்றிக் கையாண்டால், சாராயச் சாவில் சாராயத்தைத் தவிர்க்க என்பது போன்ற வாக்கியம் உருவாகும். படிப்பவருக்கு அது அறிவுரையாகவே தோன்றாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னர், 2019 வரை ஒரே மாவட்டமாக இருந்த இப்பகுதிக்கு இது ஏட்டுச் சிக்கல் அன்று.

சிலம்பும் சட்டமும்

தடய அறிவியலைச் சிலப்பதிகாரத்தில் தேடும் வழக்கம் நம்மிடையே உண்டு. முத்துப் பரலும் மாணிக்கப் பரலும் ஒப்பிடப்படுவது உண்மையே. ஆனால் அவ்வொப்பீடு கோவலன் கொலையுண்ட பிறகு நடந்தது. தண்டனைக்குப் பின் வந்த சோதனையை அறிவியலின் தொன்மைக்குச் சான்றாக்குவது காப்பியத்திற்கும் நியாயம் செய்வதாகாது.

2024 ஜூலை 1 முதல் சட்டமும் மாறிவிட்டது. வல்லுநர் கருத்தைப் பற்றிய சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இப்போது 39ஆம் பிரிவு. பிரேத விசாரணைக்குரிய 174ஆம் பிரிவு 194 ஆயிற்று. எண் மாற்றத்தை அட்டவணையாக ஒட்டிவிடலாம். புதிய நடைமுறைச் சட்டத்தின் 176(3) அவ்வாறு ஒட்டி முடியக்கூடியதன்று. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்திற்கு வரவேண்டும், அது காணொளியாகவும் பதிவாகவேண்டும் என்கிறது அது. மாநில அரசுகள் இதனை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு வரை கால இடம் தரப்பட்டுள்ளது. விழுப்புரத்தில் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் உண்டு. அதன் வல்லுநர் மரக்காணம் குப்பத்தில் நின்று பேசும் தமிழும், ஆய்வறிக்கையின் ஆங்கிலமும், பார்வை மகஜரின் தமிழும், திண்டிவனம் நீதிமன்றச் சாட்சிக்கூண்டில் ஒலிக்கும் தமிழும் இனி ஒரே கோப்பில் சேரும். அடுத்து வரும் கையேடு, கைப்பற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் மகஜரில் எழுதவேண்டிய வாக்கியத்தையும், அதன்மேல் கேட்கப்படக்கூடிய குறுக்கு வினாவையும் அடுத்தடுத்து அச்சிட்டு வரவேண்டும். எழுதத் தொடங்குபவருக்கு முதற்பொருளாக, எக்கியார்குப்பத்தில் கிடைத்திருக்கக்கூடிய ஒரு காலிப் பாக்கெட்டைப் பரிந்துரைக்கலாம்.