யாழ்ப்பாண வைபவமாலையும் வரலாற்று மாணவரும்

பல்கலைக்கழகத்தில் வரலாற்றைப் பாடமாகக் கொள்ளும் மாணவர் பலர், வரலாறு நூல்களிலே முடிந்த முடிபாக எழுதப்பட்டுள்ளதென்றும், அதனை மனத்திற் பதித்து விடைத்தாளில் மீள எழுதுதலே கல்வியென்றும் கருதி வருகின்றனர். உயர்தர வகுப்பிற் பெற்ற பயிற்சி அத்தகையது. ஆயின் வரலாற்றுக் கல்விக்குரிய அடிப்படைத் திறன் மனனமன்று. ஒரு செய்தியை யார், எப்போது, எதனை ஆதாரமாகக் கொண்டு, யார் பொருட்டுக் கூறினார் என வினவுதலேயாம். இத்திறனைப் பயில நமக்கு மிக அண்மையில் உள்ள நூல் யாழ்ப்பாண வைபவமாலை.

மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க 1736ஆம் ஆண்டளவில் இதனை இயற்றினார் என்பர். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்ததோ 1619இல். எனவே, அரசு மறைந்து நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர், அந்நிய ஆட்சியாளர் அறிய விரும்பியமையால் எழுந்த நூல் இது. கைலாயமாலை, வையாபாடல் முதலிய முன்னூல்கள் இதற்கு ஆதாரமாயின. இவ்விவரங்களை அறியாது நூலின் உள்ளே புகுதல் தகாது.

இனி, நூல் கூறும் சங்கிலி மன்னன் வரலாற்றை நோக்குவோம். மன்னாரிற் கிறித்தவராக மதம் மாறியோரைக் கொன்றவனும், இறுதியிற் போர்த்துக்கேயரிடம் அரசிழந்தவனும் ஒருவனே என்பது போல வைபவமாலை கூறிச் செல்கின்றது. ஆயின் மன்னார் நிகழ்ச்சி 1544இல் நடந்தது. அரசின் வீழ்ச்சி 1619இல் நேர்ந்தது. இடையே 75 ஆண்டுகள் உள. போர்த்துக்கேயர் குறிப்புகளோடு ஒப்பிடுமிடத்து, சங்கிலி என்னும் பெயரினர் இருவர் என்பதும், அவ்விருவர் செயல்களும் ஒருவர்மேல் ஏற்றப்பட்டுள்ளன என்பதும் தெளிவாகும். மக்கள் நினைவு செயல்களைப் போற்றி ஆண்டுகளை நெகிழவிடும் இயல்பினது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும்.

இதனால் வைபவமாலையை முற்றாகத் தள்ளிவிடலாமோ எனின், அதுவும் பிழையே. ஆரியச் சக்கரவர்த்திகள் கற்பனை மாந்தரல்லர். 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தா அவர்களுள் ஒருவரை நேரிற் கண்டு எழுதியுள்ளார். கேகாலைப் பகுதியிற் கிடைத்த கோட்டகமத் தமிழ்க் கல்வெட்டும் அம்மரபினரைச் சுட்டுகின்றது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம், ஒரு நூலை மறுத்துக்கொண்டே அதனைப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதற்கு நல்ல வழிகாட்டியாகும். அவர் முடிபுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. அவர் வினவிய முறையைக் கற்றல் வேண்டும்.

இங்கே ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. மகாவம்சத்தை ஆராயும்போது அது மகாவிகாரைச் சார்பில் எழுந்தது என்பதை நம்மவர் தவறாது எடுத்துரைப்பர். அதே மாணவர் வைபவமாலையைக் கையில் எடுத்ததும் ஐயுறுதலைக் கைவிட்டு விடுகின்றனர். மறுபுறத்தே இதற்கு நேர்மாறாக நடப்போரும் உளர். பிறர் நூலுக்கு ஓர் அளவுகோல், தம் நூலுக்கு மற்றோர் அளவுகோல் என்பது ஆராய்ச்சியாகாது, வழக்குரையாகும். பழைய அரசுகளின் பெயரால் இன்றைய உரிமைகள் வாதாடப்படும் இந்நாட்டில் அதன் விளைவு வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. தன் மரபு நூலிலேயே பிழை கண்டு சொல்லத் துணிந்தவன் பிற மரபினரோடு உரையாடுகையில் அவன் சொல்லுக்கு மதிப்புண்டாகும்.

முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் வைபவமாலையின் ஒரு பகுதியைத் தேர்ந்து, நூல் கூறுவது, பிற சான்றுகள் கூறுவது, துணிய இயலாதது என மூவகையாகப் பிரித்தெழுதிப் பழகுவாராயின் பெரும்பயன் விளையும். மூன்றாம் வகையை வெறுமையாக விடாது நேர்மையுடன் நிரப்பக் கற்றோரே பின்னர் நல்லாய்வாளராவர் என்பது நம் துணிபு.